ஒரே காய்ச்சல், இரண்டு விதமான களைப்பு: டெங்குக்குப் பிறகு அம்மாவும் அப்பாவும்

வீட்டில் அறுபது, எழுபது தாண்டியவர்கள் இருந்து, அவர்களுக்கு டெங்கோ வேறு பெரிய காய்ச்சலோ வந்து மாறியிருந்தால் இதை வாசியுங்கள். காய்ச்சலைப் பற்றிச் சொல்ல கொழும்பில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பிளேட்லெட் எவ்வளவு, பப்பாசி இலைச் சாறு கொடுக்கலாமா, எந்த ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்கும் என்று போனில் வரிசையாகச் சொல்வார்கள். காய்ச்சல் விட்டபின் வருகிற களைப்பைப் பற்றி எங்களுக்கு ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் களைப்பு ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு ஒரு மாதிரி, வயது போனவருக்கு இன்னொரு மாதிரி வரும் என்பதும், எல்லாருக்கும் ஒரே வைத்தியமாக 'ஓய்வு எடுங்கோ' என்று சொன்னால் நிலைமை மோசமாகும் என்பதும் பிந்தித்தான் தெரிய வந்தது.

நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், லிப்ட் இல்லாத பழைய பிளட்டில், மூன்றாம் மாடி. அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 69. வைகாசி மழையோடு இரண்டு பேருக்கும் அடுத்தடுத்து டெங்கு. வாட்டில் வைத்திருந்து, பிளேட்லெட் ஏறியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். 'நல்லாத் தண்ணி குடியுங்கோ, ஓய்வா இருங்கோ' என்பதோடு சரி. அண்ணா கனடாவில், தங்கச்சி லண்டனில். காசு அனுப்புவார்கள், வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புவார்கள். கக்கூசுக்குக் கூட்டிக்கொண்டு போவதற்கு இங்கே நான் மட்டும்தான்.

இரண்டு பேரும் களைத்திருந்தார்கள், ஆனால் ஒரே மாதிரி இல்லை. அம்மா குசினியில் அரை மணித்தியாலம் நின்று மெதுவாகப் பருப்புக் கிண்டுவா, மரக்கறி வெட்டுவா, களைப்பு என்று சொல்லமாட்டா. அதே அம்மாவால் கொமட்டில் இருந்து கையை ஊன்றாமல் எழும்ப முடியவில்லை. தண்ணீர் நிரம்பிய கேத்தலைத் தூக்க இரண்டு கையும் தேவைப்பட்டது. அப்பா அதற்கு நேர்மாறு. போத்தல் மூடி திறப்பார், கதிரையில் இருந்து ஒரு உந்தலில் எழும்புவார். ஆனால் படி ஏறும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் கால் நடுங்கி, படியிலேயே குந்திவிடுவார், எழும்பக் கனநேரம் பிடிக்கும். பார்க்க வந்த சொந்தக்காரர் தீர்ப்பு எழுதிவிட்டுப் போனார்கள்: அம்மாவுக்கு 'வயசு போட்டுது', அப்பாவுக்கு 'பஞ்சி பிடிச்சிட்டுது'. இரண்டுமே பிழை. அப்பாவோடு எரிந்து விழுந்த நாட்கள் இருந்தன. நித்திரை இல்லாத ஆளின் கோபம் அது.

காசுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தனியார் ஆஸ்பத்திரியில் விசேட நிபுணர்களைச் சனல் பண்ணியது (காசு கட்டி நேரம் எடுத்துப் பார்த்தது), ஒருவர் எடுத்த இரத்தப் பரிசோதனையை மற்றவர் திரும்ப எடுக்கச் சொன்னது, 'பலம் வர' ஏற்றிய சேலைனும் விற்றமின் ஊசிகளும், டின் டின்னாக வாங்கிய சத்து மா, எண்ணெய் தேய்க்க வீட்டுக்கு வந்தவருக்குக் கொடுத்தது என்று இரண்டரை லட்சத்துக்கு மேல் போனது. அதில் பிரயோசனப்பட்டது சில இரத்தப் பரிசோதனைகள் மட்டும்தான். காசை விடப் பெரிய நட்டம், இரண்டு பேரும் கட்டிலில் கிடந்த கிழமைகள்.

ஏன் என்றால், வயது போனவரின் தசை கட்டிலில் கரைகிற வேகம் பயங்கரமானது. 2007இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடந்தது. நோய் எதுவும் இல்லாத, வயதான 12 பேரைப் 10 நாள் கட்டிலில் கிடத்தினார்கள். காலில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போனது, முழங்காலை நீட்டுகிற வலு 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. சுகமாக இருந்தவர்களுக்கே அப்படி. காய்ச்சலும் சாப்பாடு இறங்காததும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். டெங்குக் காய்ச்சல் இருக்கிற நாட்களிலும் பிளேட்லெட் தளம்புகிற நாட்களிலும் ஓய்வு கட்டாயம், அதில் பேச்சில்லை. அது முடிந்த பிறகும் 'பாவம், படுத்திருக்கட்டும்' என்று விடுகிற அன்புதான் ஆபத்து. டெங்குக்குப் பின் களைப்பு நீடிப்பது கற்பனையும் இல்லை. சிங்கப்பூரில் அதே 2007இல் வெளிவந்த ஆய்வில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அந்தக் களைப்பு தங்கியது. வயது கூடியவர்களுக்கும் பெண்களுக்கும் அது வருகிற வாய்ப்புக் கூட இருந்தது.

தலைகீழாகக் கிடந்த விளக்கத்தை நிமிர்த்தி வைத்தது, கடைசியில் வீட்டுக்கு வந்த பிசியோ (இயன்முறைச் சிகிச்சை) பிள்ளை ஒருத்தி. வந்ததும் எண்ணெயும் இல்லை, மெசினும் இல்லை. 'அன்ரி, கையைக் கட்டிக்கொண்டு கதிரையில இருந்து அஞ்சு தரம் எழும்பி இருங்கோ பாப்பம்' என்றா. அப்பாவையும் செய்யச் சொன்னா, பிறகு படிக்குக் கூட்டிக்கொண்டு போனா. போகும்போது சொன்னது இதுதான்: 'அன்ரிக்குக் களைப்பில்லை, வலு இல்லை. அங்கிளுக்கு வலு இருக்கு, வேகமாச் செய்யேக்கை தசை களைக்குது. ரெண்டு பேருக்கும் ஒரே பயிற்சி குடுக்கேலாது.' அதன் பிறகு நான் தேடி வாசித்ததெல்லாம் அந்த மூன்று வசனத்தின் விரிவுரைதான்.

பலவீனம் வேறு, தசைச் சோர்வு வேறு. முதல் தடவையே தூக்க முடியாவிட்டால் பலவீனம். முதல் தடவை தூக்கி, பத்தாம் தடவை முடியாமல் போய், கொஞ்சம் ஓய்வு எடுத்தால் திரும்ப முடிந்தால் சோர்வு. சோர்விலும் இரண்டு இடம் உண்டு. மூளையும் முள்ளந்தண்டும் தசைக்கு அனுப்புகிற கட்டளை குறையலாம், அல்லது கட்டளை வந்தும் தசை நார் சுருங்கத் தயங்கலாம். காய்ச்சல், நித்திரைக் குறைவு, மனச்சோர்வு முதலாவதைக் கூட்டும். வயதும் பால் வேறுபாடும் பெரும்பாலும் இரண்டாவதில் விளையாடுகின்றன.

பெண் சீக்கிரம் களைப்பாள் என்று நாங்கள் எல்லாரும் நினைக்கிறோம். ஆய்வுகூடத்தில் அளந்தால் பல வேளைகளில் மறுதலைதான். சாண்ட்ரா ஹண்டர், ரோஜர் எனோகா என்ற ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில் இளம் ஆண்களும் பெண்களும் தங்கள் தங்கள் உச்ச வலுவில் 20 சதவீதத்தை முழங்கை மடக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் சராசரியாக 14 நிமிடம் அளவில் விட்டார்கள், பெண்கள் 30 நிமிடம் பிடித்தார்கள். காரணங்கள் சில: பெண்களின் தசையில் மெதுவாகச் சுருங்கி நீண்ட நேரம் உழைக்கிற நார்களின் பங்கு அதிகம், எரிபொருளாகக் கொழுப்பைக் கூடுதலாகப் பாவிக்கும். ஆணின் பெரிய தசை சுருங்கும்போது தன் இரத்தக் குழாய்களையே கூடுதலாக நெரிக்கும், இரத்தம் குறைந்தால் சோர்வு சீக்கிரம் வரும். சம வலு உள்ள ஆணையும் பெண்ணையும் தேடி எடுத்து இதே பிடித்திருக்கிற சோதனையைச் செய்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது. விட்டு விட்டுச் சுருக்குகிற வேலையிலோ, வலு சமமாக இருந்தாலும் பெண்கள் கூட நேரம் தாங்கினார்கள். சுமை உச்சத்துக்குக் கிட்டப் போகப் போகவும், அசைவு வேகமாகவும் இந்த வித்தியாசம் சுருங்கிக்கொண்டு வரும்.

இப்போது இதை எங்கள் குசினிக்குக் கொண்டுவாருங்கள். 'தங்கள் தங்கள் உச்சத்தில் இத்தனை சதவீதம்' என்பது ஆய்வுகூடத்து நியாயம். வீட்டுச் சாமான் அப்படிப் பார்த்துப் பாரம் குறைவதில்லை. ஐந்து லீற்றர் தண்ணீர்க் கான் யார் தூக்கினாலும் ஐந்து கிலோதான். அம்மாவின் கைப்பிடி வலு 15 கிலோ என்று அளவில் வந்தது, அப்பாவுக்கு 29. அதே கான் அம்மாவுக்கு உச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு, அப்பாவுக்கு ஆறில் ஒரு பங்கு. கதிரையில் இருந்து எழும்புவதும் அப்படித்தான். 2003இல் வெளிவந்த ஓர் அளவீட்டில், எழும்புவதற்கு இளையவர்கள் முழங்கால் வலுவில் 42 சதவீதம் அளவில் செலவழிக்க, வயதானவர்கள் 80 சதவீதம் செலவழித்தார்கள். உச்சத்தில் எண்பது சதவீதம் என்றால், உங்களால் ஒரே ஒருமுறை மட்டும் தூக்கக்கூடிய அரிசிச் சாக்கை எடுத்துக்கொண்டு அதில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் குறைத்துவிட்டு நாள் முழுக்கத் தூக்கி இறக்குவது மாதிரி.

அதனால்தான் அம்மாவின் நிலையைக் கண்டுபிடிக்கப் பிந்தியது. அவவின் தாங்குசக்தி அவவின் பலவீனத்தை மறைத்தது. மெதுவான, பாரமில்லாத வேலையைச் செய்துகொண்டே இருப்பதால் 'நல்லாத்தானே இருக்கிறா' என்று தோன்றும். உள்ளே உச்ச வலு இறங்கிக்கொண்டே போய், ஒரு நாள் எழும்புவதற்குத் தேவையான அளவுக்குக் கீழே போய்விடும். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரஜன் குறைவதும் இந்த இறக்கத்துக்குச் சேர்ந்துகொள்ளும். கொழும்பில் எத்தனையோ வீடுகளில் அம்மாமார் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பிறகுதான் இது தெரியவருகிறது.

அப்பாவின் கதை வயதின் கதை. வயது ஏற ஏற முள்ளந்தண்டில் இருந்து தசைக்கு வருகிற நரம்புக் கலங்கள் குறைகின்றன. அநாதரவான நார்களில் சிலதைப் பக்கத்து நரம்பு எடுத்துக்கொள்ளும், மற்றவை சாகும். முதலில் மெலிவது வேகமாகச் சுருங்குகிற நார்கள். மிஞ்சுகிற தசை மெதுவானது, ஆனால் மெதுவான வேலைக்கு நன்றாக நிற்கும். அதனால் வயதானவர்கள் ஒரே நிலையில் பிடித்திருக்கிற வேலையில் இளையவர்களை விடக் குறைவாகக் களைப்பார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை! வேகமும் வலுவும் சேர்ந்து தேவைப்படுகிற இடத்தில், படி ஏறுவதில், காலி வீதியைப் பாதசாரிக் கடவையில் கடப்பதில், பஸ் நகர முதல் மிதிபலகையில் ஏறுவதில், அவர்கள் இளையவர்களை விடச் சீக்கிரம் களைப்பார்கள். வயதோடு வலு இறங்குகிற வேகத்தை விட, வலுவை வேகமாகப் பாவிக்கிற திறன் இறங்குகிற வேகம் கூட. அப்பாவை மெதுவாக, ஒரு படிக்கு ஒரு மூச்சு என்று ஏறச் சொன்னபோது மூன்று மாடியும் ஏறினார். அவர் தன் நாற்பது வயது வேகத்தில் ஏறப் போய்த்தான் குந்தினார். அதற்கு 'பஞ்சி' என்று பெயர் வைத்தோம்.

வீட்டில் அளக்க மெசின் வேண்டாம். 43 முதல் 45 சென்ரிமீற்றர் உயரமான, கைப்பிடி இல்லாத சாப்பாட்டுக் கதிரையைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். பிளாஸ்டிக் கதிரை வேண்டாம், வழுக்கும். கையை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தரம் எழும்பி இருக்க எத்தனை செக்கன் என்று போனில் பாருங்கள். ஆசிய நாடுகளுக்காக 2019இல் திருத்திய வரையறையின்படி 12 செக்கன் அல்லது அதற்கு மேல் என்றால் கவனிக்க வேண்டும். அம்மாவுக்கு 20ஐத் தாண்டியது, அதுவும் கடைசி இரண்டு தரம் தொடையில் கை ஊன்றி. ஆறு மீற்றர் நடக்க ஆறு செக்கனுக்கு மேல் எடுத்தால் நடை மெது. கைப்பிடி வலுவுக்கு எல்லை ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18. இதை அளக்கிற கருவி பிசியோக்களிடம் இருக்கும். கெண்டைக்காலின் பருத்த இடத்தைத் தையல் நாடாவால் சுற்றிப் பாருங்கள். ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் தசை மெலிவைச் சந்தேகிக்கலாம். கால் வீங்கியிருந்தால் இந்த அளவு பொய் சொல்லும். சோர்வைப் பார்க்க அதே கதிரையில் 30 செக்கனுக்கு எத்தனை தரம் முடிகிறது என்று எண்ணி, முதல் 15 செக்கனையும் கடைசி 15 செக்கனையும் ஒப்பிடுங்கள். இது எங்கள் வீட்டுக் கணக்கு, புத்தக வரையறை இல்லை. ஆனால் அம்மா தொடக்கம் முதல் ஒரே மெதுவாகவும், அப்பா வேகமாகத் தொடங்கிப் பாதியில் விழுவதும் அதில் பளிச்சென்று தெரிந்தது.

பயிற்சி தொடங்க முதல் டொக்டரிடம் ஒரு சொல் கேளுங்கள். டெங்கு இதயத் தசையையும் தொடக்கூடியது. நெஞ்சு நோ, படபடப்பு, படுக்கும்போது மூச்சு முட்டுதல் இருந்தால் பயிற்சி இல்லை. அனுமதி கிடைத்ததும், அம்மாவுக்கு நோக்கம் உச்ச வலுவை ஏற்றுவது. கதிரையில் இரண்டு தலையணை வைத்து உயர்த்தி, கை ஊன்றாமல் எட்டுத் தரம் எழும்பி இருப்பது, ஒன்றரை நிமிட ஓய்வு, அப்படி மூன்று சுற்று. திரும்பக் கதிரையில் இருக்கும்போது மூன்று எண்ணி மெதுவாக இறங்க வேண்டும், தொப்பென்று விழக்கூடாது. எட்டு லேசானதும் ஒரு தலையணையை எடுங்கள், பிறகு மற்றதை. அதன் பிறகு பள்ளிக்கூடப் பையில் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றைப் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழும்ப வேண்டும், பிறகு இரண்டு, மூன்று. குசினித் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை உயர்த்துவது பத்துத் தரம். துவாயை நனைத்து முறுக்கிப் பிழிவது கைக்கு.

பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது பிழைக்கிற இடம் ஒன்று உண்டு. பாரம் குறைவாக இருந்தால் அவர்கள் களைப்பே இல்லாமல் இருபது, இருபத்தைந்து தரம் செய்துகொண்டிருப்பார்கள். பார்க்கிறவருக்குத் திருப்தியாக இருக்கும், தசைக்கு ஒன்றும் நடக்காது. இன்னும் இரண்டு தரம்தான் முடியும் என்கிற நிலையில் சுற்று முடிய வேண்டும். பன்னிரண்டைத் தாண்டினால் பாரத்தைக் கூட்டுங்கள். 'வயது போன பொம்பிளைக்குப் பாரம் வேண்டாம்' என்பவர்களுக்குச் சொல்ல: 1990இல் பொஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 90 வயதுக்காரர்களுக்கு எட்டுக் கிழமை பாரப் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலு சராசரியாக 174 சதவீதம் ஏறியது.

அப்பாவுக்கு வேறு. அவருக்கு வேகத்தைப் பழக்க வேண்டும், அதுவும் களைப்பதற்கு முதல் நிறுத்திப் பழக்க வேண்டும். பாரமில்லாமல் கதிரையில் இருந்து இயன்ற வேகத்தில் எழும்பி, மெதுவாக இருப்பது, ஐந்து தரம் மட்டும். வேகம் குறைந்த உடனே சுற்று முடிந்தது, எண்ணிக்கை நிரம்பாவிட்டாலும். பிறகு முழுசாக இரண்டு, மூன்று நிமிட ஓய்வு, நாலு சுற்று. ஆண்கள் ஓய்வை ஏமாற்றுவார்கள். 'நான் ரெடி' என்று முப்பது செக்கனில் எழும்பி அடுத்த சுற்றில் நடுங்குவார்கள். போனில் நேரம் வைத்தால்தான் சரி. படிக்கு, ஒரு மாடி ஏறி நின்று, மூச்சு இறங்கி, அடுத்த மாடி. ஒவ்வொரு கிழமையும் நிற்கிற நேரத்தைக் குறைக்கலாம், ஏறுகிற வேகத்தைக் கூட்டுவது அதற்குப் பிறகு. முழங்கால் நோ உள்ளவர் ஏறும்போது நல்ல காலை முதல் வைக்க வேண்டும், இறங்கும்போது நோகிற காலை. அடுத்த நாள் தொடை நோவது பெரும்பாலும் இறங்கியதால்தான், ஏறியதால் இல்லை. பயமில்லை, இரண்டு மூன்று நாளில் போகும்.

இரண்டு பேருக்கும் கிழமைக்கு மூன்று நாள், இடையில் ஒரு நாள் விட்டு. விடுகிற நாட்களில் காலை ஆறு மணிக்கு மரைன் டிரைவில் நடை. ஒன்பது மணிக்குப் பிறகு கொழும்புப் புழுக்கத்தில் வயதானவரை நடக்க விட்டால் தசை களைப்பதற்கு முதல் உடம்பு சூடேறிக் களைக்கும். அவர்களுக்கு வேர்ப்பதும் குறைவு, தாகமும் பிந்தித்தான் தெரியும்.

சாப்பாட்டில் எங்கள் வீடுகள் பெரும்பாலும் தோற்பது காலையில். ஐந்து இடியப்பமும் சொதியும் வயிற்றை நிரப்பும், தசைக்கு அதில் மிகக் கொஞ்சம்தான். வயதானவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை, நோயில் இருந்து எழும்புகிறவருக்கு 1.5 வரை போகலாம். அம்மா 50 கிலோ என்றால் நாளுக்கு 60 கிராம் என்று வையுங்கள். வயது போன தசை சின்னச் சின்ன அளவுப் புரதத்துக்கு அசையாது. ஒரு வேளைக்கு 20 கிராமாவது சேர்ந்து வந்தால்தான் கட்டத் தொடங்கும். முட்டை ஒன்றில் 6 கிராம், சமைத்த மீன் 100 கிராமில் 20க்கு மேல், ஒரு கோப்பை கெட்டிப் பருப்பில் 16 அளவில், ஒரு கைப்பிடி கச்சானில் 7. செவ்வாய், வெள்ளி அம்மா மச்சம் தொடமாட்டா. அந்த நாட்களை முதலில் வெறும் மரக்கறியோடு விட்டோம், பிறகு சோயா மீற் பிடித்தது. காய்ந்த சோயா 50 கிராமில் 25 கிராம் புரதம், டின் மாவின் விலையில் ஒரு துண்டு. நெத்தலிக் கருவாடும் நல்லதுதான், ஆனால் பிரஷர்காரருக்கு உப்பு ஆகாது, ஊறவைத்து இரண்டு தண்ணீர் மாற்றுங்கள். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டவே கூடாது.

இரத்தப் பரிசோதனை என்று பத்தாயிரக்கணக்கில் கொட்ட வேண்டாம். களைப்புக்குப் பார்க்க வேண்டியவை இவ்வளவுதான்: முழு இரத்த எண்ணிக்கை, இரும்புச்சத்துக்குப் பெரிற்றின், தைரொயிட்டுக்கு ரி.எஸ்.எச், தசை சிதைவுக்குச் சி.கே, பொட்டாசியம், கல்சியம், சிறுநீரகத்துக்குக் கிரியற்றினின், சீனி, விற்றமின் டி. சீனி வருத்தத்துக்கு மெற்போமின் கன வருடம் குடிப்பவருக்கு பி12உம். தைரொயிட் குறைபாடு பெண்களுக்கே கூடுதலாக வரும், தசைச் சோர்வுக்கு அது நேரடிக் காரணம். அம்மா தைரொக்சின் குளிசையைப் பால்தேத்தண்ணியோடு, கல்சியம் குளிசையையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தா. அது வெறும் வயிற்றில், தண்ணீரோடு, சாப்பிட அரை மணித்தியாலத்துக்கு முதல் எடுக்க வேண்டியது, கல்சியம் நாலு மணித்தியாலம் தள்ளி. இந்த ஒரு மாற்றத்துக்கு ஒரு சதமும் செலவில்லை.

அப்பா கொலஸ்ட்ரோலுக்கு அற்றோவாஸ்ரற்றின் குடிக்கிறார். அந்த வகைக் குளிசைகளால் தசை நோ, சோர்வு வரலாம். வயது கூடியவர், பெண், மெலிந்த உடம்பு, தைரொயிட் குறைவு என்றால் வாய்ப்புக் கூட. கிளரித்ரோமைசின் மாதிரி சில அன்ரிபயோற்றிக்கோடு சேர்ந்தால் இன்னும் கூட. அதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடம் போய்ச் சி.கே பார்த்து, அளவை மாற்றலாமா என்று கேளுங்கள். சிறுநீர் போகக் கொடுக்கிற சில குளிசைகள் பொட்டாசியத்தை இறக்கித் தசையைத் தளர்த்தும், இதையும் கேளுங்கள். விற்றமின் டி குறைவென்றால் நாளாந்தம் சிறு அளவில் கொடுப்பது நல்லது. வருடத்துக்கு ஒருதரம் 5 லட்சம் அலகு ஒரேயடியாகக் கொடுத்துப் பார்த்த 2010ஆம் ஆண்டு ஆய்வில், எழுபது தாண்டிய பெண்கள் கூடுதலாக விழுந்தார்கள், கூடுதலாக எலும்பு முறிந்தது.

பிசியோவுக்குக் கட்டுகிற காசும் வீணாகலாம். வந்து சூடு பிடித்து, கரண்ட் வைத்து, காலை ஆட்டிவிட்டுப் போகிறவர் தசையை வளர்க்கவில்லை. முதல் நாள் என்ன அளந்தீர்கள், பாரத்தை எப்போது கூட்டுவீர்கள் என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் ஆளை மாற்றுங்கள். அரச வைத்தியசாலைகளில் இந்தச் சிகிச்சை இலவசம். வாட்டில் இருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போதே பிசியோவுக்கு ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள், வீட்டுக்கு வந்தபின் வாங்குவது அலைச்சல். எங்களுக்கு அதை அப்போதே ஒருவர் சொல்லியிருந்தால் கட்டிலில் போன கிழமைகள் மிஞ்சியிருக்கும்.

சில களைப்புக்குப் பயிற்சி வைத்தியம் இல்லை, வாகனம் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிறுநீர் கோலா நிறத்தில் போவது, ஒரு பக்கம் மட்டும் வலு இழப்பது, பாதத்தில் தொடங்கிய வலுக்குறைவு நாளுக்கு நாள் மேலே ஏறுவது, விழுங்கக் கஷ்டப்படுவது, இவற்றுக்கு அடுத்த நாள் வரை காத்திருக்கக் கூடாது. பின்நேரமானால் கண் இமை தொங்கி, ஒன்று இரண்டாகத் தெரிந்து, காலையில் சரியாகிறதென்றால் அது நரம்பும் தசையும் சந்திக்கிற இடத்து வருத்தமாக இருக்கலாம். அதிலும் வயதும் பாலும் விளையாடும்: பெண்களுக்கு இளவயதிலும், ஆண்களுக்கு அறுபதுக்குப் பிறகும் கூடுதலாக வரும். ஐம்பது தாண்டியவருக்குக் காலையில் தோளும் இடுப்பும் இறுகி, தலைமயிர் வாரக் கை தூக்க முடியாமல் ஒரு மணித்தியாலம் கிடந்தால் ஈ.எஸ்.ஆர் (உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) பாருங்கள். அந்த வருத்தம் பெண்களுக்குத்தான் கூடுதலாக வரும், மருந்துக்கு நன்றாகக் கேட்கும்.

இவை ஒன்றும் இல்லையென்றால் கதிரைச் சோதனையை இரண்டு கிழமைக்கு ஒருமுறை, ஒரே கதிரையில், ஒரே நேரத்தில் எடுத்துக் கலண்டரில் எழுதுங்கள். தினமும் அளந்தால் மனம் விட்டுப்போகும். முதல் மாதம் ஏறுவது பெரும்பாலும் நரம்பின் பழக்கம், தசை பருக்க இரண்டு மூன்று மாதம் எடுக்கும். அம்மாவின் கலண்டரில் இருபதுக்கு மேல் இருந்தது பதினான்குக்கு வந்திருக்கிறது, பன்னிரண்டுக்குக் கீழே இன்னும் இறங்கவில்லை. இப்போது பையில் மூன்று போத்தல். அப்பா மூன்று மாடியும் ஏறுகிறார், இரண்டாம் மாடித் திருப்பத்தில் மட்டும் நிற்கிறார், குந்துவதில்லை. எட்டுக் கிழமை ஒழுங்காகச் செய்தும் எண் அசையவே இல்லையென்றால், பயிற்சியைக் கூட்டாமல், அந்தக் கலண்டரையும் குளிசைப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போங்கள்.